சீரான வேகத்தில் மட்டும் வந்த மிஸ்ஸிங்: 1966 எம்ஜிபி காரில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியின் பின்னணி

பட்டறைக்கு வந்தது 1966-இல் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், திறந்த கூரை கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான வரிசை இது. 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்யு எச்எஸ்4 கார்புரேட்டர்கள், ஒரு காயில், பாயிண்டும் கண்டென்சரும் கொண்ட 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட் என்பது காயிலின் கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச், கண்டென்சர் அது திறக்கும்போது அங்கே பொறி விழாமல் அடக்கும். காயில் தரும் உயர் வோல்டேஜை டிஸ்ட்ரிபியூட்டர் ஒவ்வொரு பிளக்காகப் பிரித்துக் கொடுக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, பழுதுக் குறியீடு கிடையாது. எஞ்சின் சொல்வதைக் காதால் கேட்டு, மீட்டரால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் வண்டி. பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். இன்றைய வண்டிகளில் பழகிய கை இந்த இடத்தில் எளிதில் தடுமாறும்.

உரிமையாளர் வண்டியை அளவோடு ஓட்டுபவர், செய்த வேலைகளுக்கெல்லாம் குறிப்பு வைத்திருப்பவர். பல மாதங்களாக மிஸ்ஸிங், அதாவது ஓடும்போது இடையிடையே எரிப்பு தவறி எஞ்சின் வெட்டுவது. எங்களுக்கு முன்பே வேறு இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறார்கள். பிளக், பிளக் வயர், கேப், ரோட்டார், பாயிண்ட், கண்டென்சர், காயில் என எல்லாம் புதிது. இரண்டு கார்புரேட்டர்களையும் பிரித்துச் சுத்தம் செய்து, மிக்சரில் பெட்ரோலையும் கூட்டி வைத்திருந்தார்கள். பெட்ரோல் பம்பின் பாயிண்டைக்கூட விடவில்லை. கழற்றிய பழைய பாகங்களை அவர் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்த டப்பா பின்னால் மிகவும் உதவியது.

உரிமையாளர் சொன்னது

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டோம்: "ஸ்டார்ட் நல்லா ஆகுது. இருபது நிமிஷம் ஓடி சூடானதும் வெட்ட ஆரம்பிக்குது. ஏதாவது ஒரு பாகம் மாத்தினா கொஞ்ச நாள் சரியா இருக்கும், மறுபடி வந்துடும்."

சூடானதும் வரும் மிஸ்ஸிங் என்றால் அனுபவமுள்ள யாரும் கண்டென்சரை நினைப்பார்கள், அடுத்து காயிலை. வெப்பத்தில் இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கும் பாகங்கள் இவை. முன்பு பார்த்தவர்களும் அந்த வழியில்தான் போயிருக்கிறார்கள், அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் மாற்றிய பிறகும் பழுது அப்படியே இருந்தால், "சூடானதும்" என்ற சொல்லையே சந்தேகப்பட வேண்டும். அதனால் அவரிடம் வேறு விதமாகக் கேட்டோம். எந்த கியரில், எந்த வேகத்தில், காலை எவ்வளவு அழுத்தியிருக்கும்போது? ஏற்றத்திலா, சமதளத்திலா? நின்றுகொண்டிருக்கும்போது வருமா?

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். டாப் கியரில், சமமான சாலையில், காலை லேசாக வைத்து ஒரே வேகத்தில் போகும்போதுதான் வரும். முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் வெட்டுவது நின்று, வண்டி நன்றாக இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது வந்ததே இல்லை.

எங்களுக்குத் திருப்பம் அந்தப் பதிலில்தான் வந்தது. கண்டென்சரோ காயிலோ பலவீனமாக இருந்தால் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தும்போதுதான் அதிகம் திணற வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட பிளக்கில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். பெட்ரோல் போதாத பழுதும் அப்போதுதான் வெளிப்படும். இங்கே எல்லாம் நேர்மாறாக இருந்தது.

நின்ற நிலையில் பார்த்தவை

எதையும் கழற்றாமல், இருப்பதை அப்படியே அளந்தோம். கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் 155-க்கும் 165-க்கும் இடையே பிஎஸ்ஐ. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டில் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகித்திருப்போம், அப்படி இல்லை. வால்வ் இடைவெளி சரி. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) 60 டிகிரி, இரண்டும் கையேட்டில் உள்ளபடியே. ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாத நிலையில், எஞ்சின் ஒழுங்காக ஓடியது.

நான்கு பிளக்குகளும் ஒரே அளவுக்குக் கரி படிந்திருந்தன. இதைக் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சினில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரு இன்லெட் வழி, 3, 4 சிலிண்டர்களுக்கு இன்னொன்று. முன் கார்புரேட்டரில் கோளாறு என்றால் முதல் இரண்டு பிளக்குகள் வேறு நிறம் காட்டும், பின்னதில் என்றால் கடைசி இரண்டு. நான்கும் ஒன்றுபோல இருந்ததால், நான்குக்கும் பொதுவான இடத்தில்தான் பழுது இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு பிழை உடனே கண்ணில் பட்டது. புதிய காயிலின் இரண்டு முனைகளும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. பாசிட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் பாசிட்டிவ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும், நெகட்டிவ் முனை இக்னிஷன் ஸ்விட்ச் பக்கம். மாற்றிக் கொடுத்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருக்கும்போதுதான், சூடான அந்த முனையிலிருந்து பொறி எளிதாகக் கிளம்பும். தலைகீழானால் அதே பொறிக்குக் காயில் அதிக வோல்டேஜ் கொடுக்க வேண்டியிருக்கும். இணைப்பைத் திருத்திவிட்டு, வேறு எதையும் தொடாமல் சாலைக்குப் போனோம். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால் எது பலன் தந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

ஓட்டிப் பார்த்தபோது

ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்த்தோம். டாப் கியரில் காலை லேசாக வைத்ததும் வந்துவிட்டது. காயில் இணைப்பைத் திருத்தியதால் எந்த மாற்றமும் இல்லை.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டோம். முதலாவது, வெட்டு திடீரென்று விழுந்தது, திடீரென்று மீண்டது. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் மெல்ல மெல்லத் தளரும், இப்படிக் கத்தி வைத்தாற்போல் வெட்டாது. மீளும்போது சைலன்சரில் 'பட்' என்று ஒரு சத்தம். எரியாமல் வெளியே போன பெட்ரோல் அங்கே பற்றிக்கொள்கிறது. மிக்சரில் பெட்ரோல் குறைந்திருந்தால் சத்தம் பெரும்பாலும் கார்புரேட்டர் பக்கம்தான் கேட்கும்.

இரண்டாவது, வெட்டிக்கொண்டிருக்கும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தோம். எஸ்யு கார்புரேட்டரில் சோக் இழுத்தால் ஜெட் கீழே இறங்கி பெட்ரோல் கூடும். பெட்ரோல் குறைவுதான் காரணம் என்றால் உடனே ஒரு முன்னேற்றம் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் எங்களுக்கு அதிகம் சொன்னது. ஒவ்வொரு வெட்டின்போதும் ஆர்பிஎம் மீட்டரின் முள் சட்டென்று கீழே விழுந்து எழுந்தது. இந்த வண்டியின் ஆர்பிஎம் மீட்டர், இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டின் துடிப்புகளை எண்ணிக் காட்டும் வகை. எஞ்சின் உண்மையில் அவ்வளவு வேகமாக இறங்கி ஏற முடியாது, ஃப்ளைவீல் விடாது. ஆகவே முள் விழுந்தால் துடிப்பு வரவில்லை என்று அர்த்தம். அதாவது பழுது லோ டென்ஷன் பக்கம், பாயிண்ட் வழியாகக் காயிலுக்குக் கரண்ட் ஓடும் குறைந்த வோல்டேஜ் பகுதியில். பிளக், பிளக் வயர், கேப், ரோட்டார் ஆகியவற்றில் கோளாறு இருந்தால் எஞ்சின் வெட்டினாலும் முள் இப்படி விழாது. பெட்ரோல் பழுதிலும் அப்படித்தான்.

புதிதாக மாற்றிய பாகங்களில் பாதிக்கு மேல் இதோடு சந்தேகப் பட்டியலிலிருந்து போய்விட்டன. ஆர்பிஎம் மீட்டர் அத்தனை மாதங்களும் உரிமையாளரின் கண்ணெதிரே முள்ளை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்தீர்களா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

வேக்குவம் குழாயைக் கழற்றியது

லோ டென்ஷன் பக்கம், லேசான அழுத்தத்தில் மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ்தான் நினைவுக்கு வரும். பின் கார்புரேட்டரில் த்ராட்டில் தகடு மூடும் விளிம்பருகே ஒரு சின்னத் துளை. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு குழாய் போகிறது. ஸ்லோ ஸ்பீடில் தகடு மூடியிருப்பதால் அந்தத் துளைக்கு வேக்குவம் எட்டாது. முழுக்க அழுத்தினால் தகடு அகலத் திறந்து வேக்குவம் குறைந்துபோகும். லேசாக அழுத்தி ஒரே வேகத்தில் ஓட்டும்போதுதான் அதிகம். அப்போது குழாயின் முனையில் உள்ள டயஃப்ரம் என்ற சவ்வு இழுக்கப்பட்டு, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு சில டிகிரி திரும்பி, பொறி முன்கூட்டியே விழும். உரிமையாளர் சொன்ன நிலைமையும் வேக்குவம் தட்டைத் திருப்பும் நிலைமையும் அப்படியே ஒன்றோடொன்று பொருந்தின.

குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்துவிட்டு அதே சாலையில் ஓட்டினோம். மிஸ்ஸிங் இல்லை.

உரிமையாளர் அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றோம். வேக்குவம் அட்வான்ஸ் இல்லாமல் வண்டி ஓடும், ஆனால் சீரான வேகத்தில் பெட்ரோல் அதிகம் குடிக்கும், எஞ்சினும் கூடுதலாகச் சூடாகும். அதைவிட, குழாயைக் கழற்றினால் நிற்கிறது என்பது பழுது எந்தப் பக்கம் என்றுதான் காட்டுகிறது. நான்கு காரணங்களில் எதுவாகவும் இருக்கலாம். டயஃப்ரம் கிழிந்து காற்று உள்ளே போகலாம். தட்டு தேய்ந்து ஆடி, திரும்பும்போது பாயிண்ட் இடைவெளி மாறலாம். அட்வான்ஸ் அளவுக்கு மீறி வரலாம். அல்லது தட்டோடு சேர்ந்து அசையும் வயர்களில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம்.

மீட்டர் காட்டியது

வேக்குவம் உண்டாக்கும் கைப்பம்பை டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் முனையில் மாட்டி, முற்றிலும் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்லோ ஸ்பீடில் விட்டோம். பம்பை அழுத்த அழுத்த, டைமிங் முன்னேறி எஞ்சின் வேகம் சற்றுக் கூடியது. அப்படித்தான் கூட வேண்டும். சுமார் 10 அங்குல பாதரச அளவைத் தாண்டியதும் எஞ்சின் திணறியது, ஆர்பிஎம் முள் விழுந்தது. பம்பை விடுவித்தால் சரி. மறுபடி அழுத்தினால் மறுபடி. ஆறிய எஞ்சினிலேயே வரவழைக்க முடிந்ததால், வெப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது உறுதியானது. ஊருக்குள் ஓடி வெளிச்சாலையை எட்டி, டாப் கியரில் சீராகப் போக அவருக்கு இருபது நிமிடம் ஆகும். அதற்குள் எஞ்சினும் சூடாகியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் போலத் தெரிந்திருக்கிறது.

டயஃப்ரம் வேக்குவத்தைக் கசியாமல் பிடித்து நின்றது. ட்வெல் மீட்டரில் மாற்றம் மிகக் குறைவு, ஆகவே தட்டின் தேய்மானமும் காரணமில்லை. டைமிங் பார்க்கும் ஸ்ட்ரோப் விளக்கில் அட்வான்ஸும் அளவோடுதான் இருந்தது. வயர்தான் மிச்சம்.

எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனைப் போட்டு வோல்ட் மீட்டரால் அளந்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வேக்குவம் கொடுக்கும்போது தட்டு திரும்புவதால், பாயிண்ட், அதைத் திறக்கும் கேமின் ஓரத்தில் நின்றிருந்தால் அதுவே திறந்துகொள்ளும். மீட்டரும் முழு பேட்டரி வோல்டேஜைக் காட்டி நம்மை ஏமாற்றும். அதனால் பாயிண்ட் மூடியிருக்கும் பகுதியின் நட்டநடுவில் நிற்கும்படி எஞ்சினைக் கையால் திருப்பி வைத்தோம். பாயிண்ட் மூடிய நிலையில் காயில் வழியாகத் தொடர்ந்து 4 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் சூடாகும். அளவை எடுத்ததும் இக்னிஷனை அணைத்துவிட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே முதலில் 0.2 வோல்ட்டுக்கும் கீழ், நல்ல நிலை. வேக்குவம் கொடுத்ததும் பேட்டரி வோல்டேஜுக்கே தாவியது. அடுத்து, வெளி முனைக்கும் உள்ளே பாயிண்ட் ஸ்பிரிங்குக்கும் இடையே வைத்தோம். அதே தாவல். பாயிண்ட் ஸ்பிரிங்குக்கும் பிளாக்குக்கும் இடையே வைத்தபோது எதுவும் அசையவில்லை. அப்படியானால் பாயிண்டும், தட்டிலிருந்து போகும் எர்த் வயரும் நலம். வெளி முனையையும் பாயிண்டையும் சேர்க்கும் விரல் நீள வயர் ஒன்றுதான் பாக்கி.

வயருக்குள்

வெளிப்பார்வைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நூல் உறை கிழியவில்லை, முனை வளையங்கள் இறுக்கமாக இருந்தன. இரண்டு முனைகளையும் பிடித்து லேசாக இழுத்தபோது, ஒரு வளையத்துக்கு அருகே அது ரப்பர் பேண்ட் போல நீண்டது. உள்ளே செம்பு முழுதாக இருந்தால் வயர் நீளாது. உறையைப் பிளேடால் கீறினோம். மெல்லிய செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, பச்சையும் கறுப்புமாகப் பூத்து, இரண்டு குச்சங்களாக எதிரெதிரே நின்றன. நூல் உறைதான் அவற்றை ஒன்றோடொன்று தொடவைத்துக்கொண்டிருந்தது. தட்டு திரும்பி வயர் விறைத்தால் பிரியும், திரும்பி வந்தால் தொடும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் உள்ளே சின்னப் பொறி விழுந்து இழைகள் கருகியிருந்தன.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்த வயர் இது. ஈயம் வைத்த இடம் விறைப்பாக இருக்கும், அதை ஒட்டிய இழைதான் வளையும். அங்கேதான் அறுந்திருந்தது.

பாகம் மாற்றும்போதெல்லாம் கொஞ்ச நாள் சரியானதற்கும் இங்கேயே விடை கிடைத்தது. பாயிண்டையோ கண்டென்சரையோ மாற்ற வேண்டுமென்றால், இந்த வயரின் வளையத்தைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றி மாட்டும்போது வயர் வேறு கோணத்தில் வளைந்து உட்காரும். இழைகள் மறுபடி நன்றாகத் தொடும். சில நாள் ஓட்டத்தில் அதிர்வு அவற்றைப் பழையபடி விலக்கிவிடும். உரிமையாளரின் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தோம். பாயிண்ட், கண்டென்சர் மாற்றிய பிறகு நிம்மதியாக ஓடிய நாட்கள் இருந்தன. பிளக், பிளக் வயர், கார்புரேட்டர் வேலைகளுக்குப் பிறகு ஒரு முன்னேற்றமும் எழுதப்படவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கை போனபோது மட்டும்தான் சரியாகியிருக்கிறது. பாகம் மாற்றியதும் சரியானால் பாகம்தான் காரணம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கை எங்கே பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்திருந்தால் இத்தனை பாகங்கள் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

செய்த வேலையும் அதற்கான காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. டிஸ்ட்ரிபியூட்டரையே புதிதாகப் போடலாம். ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, அட்வான்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறது, அதனால் தேவையில்லை. பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம். உரிமையாளருக்கு அதில் ஆசை இருந்தது. வைத்திருந்தால் பழைய வயரும் வெளியே போய், பழுதும் போயிருக்கும். ஆனால் அந்தக் கருவியின் வயர்களும் இதே அசையும் தட்டிலிருந்துதான் வெளியே வர வேண்டும், பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்த வகையையும் தேட வேண்டும். காரணம் கையில் கிடைத்துவிட்ட பிறகு அவரும் பாயிண்டே இருக்கட்டும் என்றார்.

வயரை மட்டும் மாற்றினோம். நிறைய மெல்லிய இழைகளும் வெப்பம் தாங்கும் சிலிக்கான் உறையும் கொண்ட வயர். ஈயம் வளையத்தோடு நிற்க வேண்டும், வயருக்குள் ஏறிவிட்டால் அந்த இடம் விறைத்து மறுபடி அங்கேயே அறும். தட்டு இரண்டு எல்லைக்கும் போகும்போது வயர் விறைக்காமலும், கேமையோ ரோட்டாரையோ தொடாமலும் இருக்கும்படி நீளத்தை வைத்தோம். எர்த் வயர் நன்றாக இருந்தாலும் அதே வயதுடையது என்பதால் அதையும் மாற்றினோம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய இடம் பாயிண்ட் கம்பத்தில் உள்ள பிளாஸ்டிக் தொப்பி. வயர் வளையமும் கண்டென்சர் வளையமும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், கம்பத்தைத் தொடக்கூடாது. வரிசை மாறினால் நேராக எர்த் ஆகி, எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது.

அதன் பின்

கைப்பம்பில் 15 அங்குலம் வரை கொடுத்தும் மீட்டர் அசையவில்லை. டைமிங்கை நின்ற நிலையில் 10 டிகிரிக்கு வைத்து, வேக்குவம் குழாயை மாட்டி அதே சாலையில் ஓட்டினோம். முள் ஒரே இடத்தில் நின்றது.

மிஸ்ஸிங் போனதும் வேறொன்று தெரிந்தது. மிக்சரில் பெட்ரோல் மிகவும் அதிகம். மிஸ்ஸிங்கைத் துரத்திக்கொண்டு கூட்டிவைத்த பெட்ரோல்தான் பிளக்குகளில் கரியாகப் படிந்திருந்தது. இரண்டு ஜெட்களையும் மேல் எல்லையிலிருந்து இரண்டு சுற்று கீழே என்ற தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு கார்புரேட்டர்களையும் சமன் செய்தோம். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை, அதைத் தூக்குவதற்கென்றே உள்ள ஊசியால் மெல்லத் தூக்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். தூக்கும்போது எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நின்றுபோகப் பார்த்தால் குறைவு, ஒரு கணம் லேசாகக் கூடி அடங்கினால் சரி. சில வாரம் ஓடிய பிறகு உரிமையாளர் வண்டியைக் காட்ட வந்தபோது பிளக்குகள் வெளிர் பழுப்பில் இருந்தன, மிஸ்ஸிங் திரும்பவில்லை.

டப்பாவில் இருந்த பழைய பாகங்களையும் சோதித்தோம். காயிலின் தடை 3 ஓமுக்குச் சற்று மேல், கண்டென்சரின் அளவும் சரி, ரோட்டாரில் விரிசல் இல்லை. வழியில் தேவைப்பட்டால் உதவும் என்று அவற்றைப் பெயர் எழுதி வண்டியிலேயே வைக்கச் சொன்னோம்.

இப்போது மாற்றிக்கொண்டது

மிஸ்ஸிங் என்று எந்தப் பழைய வண்டி வந்தாலும், ஸ்பானரை எடுப்பதற்கு முன் உரிமையாளரோடு உட்கார்ந்து நிலைமையை எழுதிக்கொள்கிறோம். கால் எவ்வளவு அழுத்தத்தில் இருந்தது, கியர் எது, ஆர்பிஎம் முள் என்ன செய்தது என்று கேட்கிறோம். "சூடானதும்" என்று சொன்னால் அந்த நேரத்தில் வேறு என்ன மாறியது என்றும் கேட்கிறோம். முன்பு செய்த வேலைகளை, எந்தப் பாகம் என்று மட்டுமல்லாமல் எங்கே கை வைத்தார்கள் என்றும் பிரித்து எழுதுகிறோம்.

வேக்குவம் கைப்பம்பு முன்பெல்லாம் டைமிங் பார்க்கும்போதுதான் வெளியே வரும். இப்போது பாயிண்ட் வைத்த வண்டிகளுக்கு ஸ்லோ ஸ்பீடில் விட்டு, வேக்குவம் கொடுத்துப் பார்ப்பது முதல் சோதனைகளில் ஒன்று. ஒரு சில நிமிட வேலை. பாயிண்ட் மாற்றும்போது அந்தச் சின்ன வயரையும் எர்த் வயரையும் இழுத்துப் பார்க்கிறோம். நீண்டால் அன்றைக்கே மாற்றிவிடுகிறோம்.